மதுரையில் தாலி, மும்பையில் நேர்காணல்: வாசகர் கேள்வி பதில்

கணவரோ மனைவியோ அமெரிக்காவில் இருக்க, இங்கிருந்து குடியேற்ற விசாவுக்கு மனுச் செய்பவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய. எல்லோருக்கும் பயம், விசா நேர்காணல் நடக்கும் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் மேல்தான். ஆனால் சிக்கல் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் மாநகராட்சிப் பதிவேட்டிலும் முளைத்து, மும்பையில் போய்க் காய்க்கிறது. அதனால் பதில்களும் உள்ளூர்த் தாள்களைச் சுற்றியே அதிகம் வரும்.

மகளுக்குத் திருப்பரங்குன்றம் கோயிலில் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார். கோயில் ரசீதும் பத்திரிகையும் கையில் இருக்கின்றன. இவை போதுமா? (உசிலம்பட்டி வாசகர்)

போதாது. மாப்பிள்ளை விமானம் ஏறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: திருமணப் பதிவு. பதிவு செய்யாவிட்டாலும் சட்டப்படி கல்யாணம் கல்யாணம்தான். ஆனால் அமெரிக்கக் குடியேற்றத் துறை கேட்பது அரசுப் பதிவாளர் கொடுத்த சான்றிதழ். கோயில் ரசீது அந்தச் சான்றிதழை வாங்க உதவும் ஆதாரமே தவிர, அதற்கு மாற்று ஆகாது.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தாருக்கும் பொது. கல்யாணத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் மேற்கொண்டு 60 நாள் தாமதக் கட்டணத்துடன் பதியலாம். அதையும் விட்டுவிட்ட இந்துக்கள் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிவது வழக்கம். உங்களுக்கு இன்னும் முதல் கெடுவே முடியவில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி நாள் வாங்குங்கள். மணமக்கள் இருவரும் சாட்சிகளோடு சார்பதிவாளர் முன் வர வேண்டும். பத்திரிகை, கோயில் ரசீது, தாலி கட்டும் படம், இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் ஆகியவற்றின் அசலும் நகலும் வேண்டும். மாப்பிள்ளை போய்விட்டால் இந்த ஒரு கையெழுத்துக்காக அவர் மறுபடி டிக்கெட் போட நேரிடும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அலுவலகத்தை விட்டு நகராமல் வாசியுங்கள். இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி இருக்கிறதா? கல்யாணத் தேதியும் பதிவுத் தேதியும் இடம் மாறியிருக்கின்றனவா? திருமணத்துக்கு முந்தைய நிலை என்ற இடத்தில் விவாகரத்து ஆனவரை ‘மணமாகாதவர்’ என்று போட்டிருக்கிறார்களா? இந்த மூன்றில் எது தவறானாலும் அன்றைக்கே திருத்துவது எளிது. ஒன்றரை வருஷம் கழித்து மும்பையிலிருந்து கேட்கும்போது திருத்துவது பெரும்பாடு.

என் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, ‘பெண்’ என்று மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும் உண்டு, குடும்பப் பெயர் இடம் காலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல். பிறந்த தேதியும் பள்ளிக்கூடத்தில் ஜூன் 1 என்று கொடுத்துவிட்டார்கள். எதை முதலில் சரி செய்வது? (பெயர் வேண்டாம், மேலூர்)

உங்கள் கடிதத்தில் நான்கு சிக்கல்கள் இருக்கின்றன. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்த நான்கும் சேர்ந்தே வரும். வரிசையாகப் போவோம்.

முதலில் பிறப்புப் பதிவு. பிறப்பு, நடந்த இடத்தில்தான் பதிவாகும். குடியிருக்கும் ஊரில் அல்ல. மேலூர்க் குடும்பமாக இருந்தாலும் அம்மாவுக்குப் பிரசவம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் என்றால் பதிவு மதுரை மாநகராட்சியில் இருக்கும். இது தெரியாமல் மேலூரிலேயே தேடி, ‘பதிவு இல்லை’ என்று எழுதி வாங்கி வருபவர்கள் உண்டு. பதிவு வேறிடத்தில் இருக்கும்போது அந்தத் தாள் நாளைக்கு உங்களுக்கே எதிராக நிற்கும். கிராமத்து வீட்டில் பிறந்தவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கலாம். பழைய பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் தேட வேண்டியிருக்கும்.

பெயர் சேர்ப்பதற்குக் கால வரம்பு உண்டு: பதிவான நாளிலிருந்து ஓராண்டு வரை கட்டணமில்லை, பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன். அதைத் தாண்டியவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகைக் கெடு நீட்டுகிறது. இப்போது எது நடப்பு என்று பதிவாளரிடம் கேளுங்கள். வழி அடைந்திருந்தால் பெயரில்லாத சான்றிதழையே வையுங்கள். கூடவே பள்ளிச் சான்றிதழும், பெற்றோர் இருவரும் தனித்தனியாகக் கொடுக்கும் பிரமாணப் பத்திரமும் வேண்டும். பிரமாணத்தில் பிறந்த தேதி, இடம், பெற்றோர் பெயர், அவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். பதிவே ஆகாத பிறப்பு என்றால் ‘பதிவு இல்லை’ என்ற சான்றோடு இதே துணை ஆவணங்கள். அல்லது கோட்டாட்சியர் ஆணை பெற்றுத் தாமதப் பதிவு. முந்தைய மாதம் புதிதாகப் பதிந்த சான்றிதழை மட்டும் தனியாக நீட்டினால் அதிகாரி பழைய ஆதாரம் கேட்பார். ஆகவே பள்ளித் தாளையும் சேர்த்தே வையுங்கள்.

அடுத்தது பிறந்த தேதி. உண்மைத் தேதி பிறப்புச் சான்றிதழிலும், பள்ளிக்கூடத்துத் தேதி பாஸ்போர்ட்டிலும் இருந்தால் மனுப் போடும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள். இரண்டு தேதியோடு மனுப் போட்டுவிட்டுப் பிறகு மாற்றினால், ஆள் ஒருவர்தானா என்ற கேள்வி எழும். படிவங்களில் உண்மைத் தேதியைத்தான் எழுத வேண்டும். ‘பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகட்டும்’ என்று தெரிந்தே தவறாக எழுதுவது ஆபத்து.

பெயருக்கு வருவோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்கு ஏறி, சொந்தப் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று விழும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. அங்கே போனபின் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு எண் என்று எல்லாவற்றிலும் அதுவே உங்கள் பெயராகித் தொல்லை தரும். அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகப் பிரித்துப் போட்டு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு வாங்குங்கள். இனிஷியலை விரித்தே எழுதுங்கள். பழைய வடிவங்களை எல்லாம் படிவத்தில் ‘பயன்படுத்திய பிற பெயர்கள்’ என்ற இடத்தில் சொல்லிவிட்டால் போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்ற அலைய வேண்டியதில்லை.

முதல் கல்யாணத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் அத்துவிட்டு, முத்திரைத் தாளில் எழுதி வாங்கினோம். பிறகு அமெரிக்காவில் இருப்பவரோடு இரண்டாம் கல்யாணம் நடந்தது. அந்தத் தாள் செல்லுமா? (ஆண்டிபட்டி வாசகி)

இந்த இதழின் கேள்விகளில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். வழக்கப்படி நடக்கும் மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அந்தச் சாதியில், அந்தப் பகுதியில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு உண்டு என்பதையும், அதன்படியே முறிவு நடந்தது என்பதையும் நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல்தான். நாட்டாமையும் நான்கு பேரும் கையெழுத்திட்ட தாள் தானாக அதை நிரூபிக்காது. அமெரிக்க அதிகாரி முதலில் தேடுவது நீதிமன்றத் தீர்ப்பாணையை.

இரண்டு வழி உண்டு. வழக்கம் உண்மையிலேயே இருந்தால், அந்த முறிவு செல்லும் என்று நீதிமன்றத்தில் விளம்புகை ஆணை பெறலாம். அது கிடைத்தால் இரண்டாம் கல்யாணம் அப்படியே நிற்கும். வழக்கத்தை நிரூபிக்க முடியாதென்றால் முதல் கணவரோடு முறையாக விவாகரத்து பெற வேண்டும். இருவரும் சம்மதித்தால் அதே சட்டத்தின் 13பி பிரிவு: ஓராண்டுப் பிரிவு, மனுவுக்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பு, இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் விலக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். முதல் கல்யாணம் உயிரோடு இருக்கும்போது நடந்த இரண்டாவது கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. பின்னால் வாங்கும் விவாகரத்து அதற்கு உயிர் கொடுக்காது. எனவே இரண்டாவது வழியில் போனால், தீர்ப்பு வந்தபின் மறுபடி கல்யாணம் செய்து மறுபடி பதிய வேண்டும். மனுவும் புதிய தேதியை வைத்துத்தான். ஒரு குடும்ப நல வழக்கறிஞரைப் பாருங்கள். விசா ஏஜென்ட் வேலை இல்லை இது.

ஒரு ஏஜென்ட் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் கேட்கிறார். உண்மையில் அரசுக் கட்டணம் எவ்வளவு? (அண்ணா நகர், மதுரை)

மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவர் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் ஐ-130 என்ற உறவினர் மனுவைப் போடுவதிலிருந்து செலவு தொடங்குகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675. மனைவியின் முகவரி, வேலை விவரங்களுக்கு ஐ-130ஏ கூடவே போக வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மனு ஒப்புதலானதும் கோப்பு அமெரிக்காவிலுள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே விசா விண்ணப்பத்துக்கு 325, நிதிப் பொறுப்புப் பத்திரத்துக்கு (மனைவியின் செலவைத் தாங்குவேன் என்ற உறுதி) 120. விசா கிடைத்தபின் பச்சை அட்டை (கிரீன் கார்டு) அச்சிட 235. கூட்டினால் 1,305 டாலர். மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி, மும்பைப் பயணச் செலவு தனி. விசா மையக் கட்டணத்தை அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும் என்பதால், ‘கட்டணம் கட்டித் தருகிறேன்’ என்று இங்கே ரூபாய் வாங்குபவரிடம் எச்சரிக்கை.

ஏஜென்ட் வைப்பது குற்றமில்லை. ஆனால் படிவத்தில் அவருடைய ஈமெயிலைப் போட விடாதீர்கள். விசா மையம் அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் அந்த ஈமெயிலுக்குத்தான் வரும். அவர் பார்க்கவில்லை என்றால் உங்களுக்கு எதுவும் தெரியாது. அறிவிப்பு வந்தபின் ஓராண்டுக்கு மேல் எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டால் மனுவே முடிக்கப்படலாம். டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை அவர் நிரப்பினாலும், அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் வாசியுங்கள். பழைய விசா மறுப்பு, பழைய பெயர், வேலை பார்த்த நாடு ஆகியவற்றை ‘எதுக்கு வம்பு’ என்று அவர் விட்டுவிட்டால், மறைத்த பழி உங்கள் தலையில்தான்.

தமிழில் உள்ள ஒவ்வொரு ஆவணத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கீழே மொழிபெயர்த்தவர் ‘இரு மொழியும் அறிந்தவன், இது முழுமையானது, சரியானது’ என்று எழுதிப் பெயர், கையெழுத்து, தேதி போட வேண்டும். முத்திரையையும் ஓரக் குறிப்பையும் விட்டுவிட்ட மொழிபெயர்ப்பு முழுமையானதாகாது.

கணவருக்குப் பச்சை அட்டைதான் இருக்கிறது, குடியுரிமை இல்லை. மூன்று வயதில் மகன் இருக்கிறான். என்ன வித்தியாசம்? (திருமங்கலம் வாசகி)

குடியுரிமை உள்ளவரின் மனைவிக்கு ஆண்டு ஒதுக்கீடு கிடையாது. பச்சை அட்டைக்காரரின் மனைவி எஃப்2ஏ பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் வெளியாகும் விசா அறிக்கையில் உங்கள் முன்னுரிமைத் தேதி (மனு போட்ட தேதி) வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வரிசையில் இருக்கும்போதே கணவர் குடியுரிமை பெற்றால், அதன் சான்றிதழ் நகலை விசா மையத்துக்கு அனுப்பிப் பிரிவை மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றும்போது மகனைக் கவனியுங்கள். எஃப்2ஏ-வில் உங்களுக்கான மனுவிலேயே பிள்ளையும் துணையாக வருவான். குடியுரிமையாளரின் மனைவி என்ற பிரிவில் துணை என்பது கிடையாது. மகனுக்கென்று தனி ஐ-130 வேண்டும். இதை மறந்து, அம்மாவுக்கு மட்டும் நேர்காணல் தேதி வந்து, பிள்ளைக்கு மனுவே இல்லாமல் நிற்பது நடக்கிறது.

மாப்பிள்ளைக்கு வருமானம் குறைவு. எங்கள் பெயரில் சோழவந்தானில் தென்னந்தோப்பு இருக்கிறது, பெண்ணுக்கு நூறு பவுன் போட்டிருக்கிறோம். காட்டலாமா? (சோழவந்தான் வாசகர்)

தோப்பு உங்கள் பெயரில் இருக்கும்வரை உதவாது. ஐ-864 என்ற நிதிப் பொறுப்புப் பத்திரத்தில் மாப்பிள்ளையின் சொத்து, அவரோடு ஒரே வீட்டில் இருந்து உடன் கையெழுத்திடும் உறவினரின் சொத்து, விசா கேட்கும் பெண்ணின் சொத்து ஆகியவற்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

வருமானம் அமெரிக்க வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 கணக்கில் கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு சுமார் 26,437 டாலர். மாப்பிள்ளையின் வருமானம் 20,437 என்றால் குறை 6,000. குடியுரிமையாளரின் மனைவிக்கு, குறையைப் போல மூன்று மடங்கு, அதாவது 18,000 டாலர் நிகரச் சொத்து காட்டினால் போதும். பச்சை அட்டைக்காரர் என்றால் ஐந்து மடங்கு. அந்தச் சொத்தை ஓராண்டுக்குள் விற்றுப் பணமாக்கி, நாட்டை விட்டு எடுத்துப்போக முடிய வேண்டும் என்பது நிபந்தனை. பெண் பெயரில் மனை இருந்தால் பத்திரம், வில்லங்கச் சான்று, மதிப்பீட்டாளர் அறிக்கை வையுங்கள். இந்தியாவில் வசிப்பவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி இடமளிக்கிறது என்பதையும் குறிப்பிடலாம். நகை வேண்டாம், மதிப்பையும் உடைமையையும் நிரூபிப்பது கடினம், அதிகாரிகளும் ஏற்கத் தயங்குவார்கள். வங்கி வைப்பு எவ்வளவோ மேல்.

இதெல்லாவற்றையும்விட எளிய வழி, அமெரிக்காவில் உள்ள சித்தப்பாவோ நண்பரோ இணைப் பொறுப்பாளராகத் தனி ஐ-864 கொடுப்பது. அவர் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவராகவும் அங்கேயே வசிப்பவராகவும் இருக்க வேண்டும். இது வெறும் கையெழுத்தல்ல, நீதிமன்றத்தில் அமல்படுத்தக் கூடிய கடப்பாடு என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். இணைப் பொறுப்பாளர் கிடைத்தாலும் மாப்பிள்ளையும் தன் ஐ-864-ஐக் கொடுத்தே ஆக வேண்டும்.

நான் சிங்கப்பூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் போலீஸ் சான்று போதுமா? (மானாமதுரை வாசகர்)

16 வயதுக்குப் பின் 12 மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு வெளிநாட்டுக்கும் தனிச் சான்று வேண்டும். சிங்கப்பூருக்கு அந்நாட்டுக் காவல்துறையின் குற்றமின்மைச் சான்று. கைரேகை இங்கே எடுத்து அனுப்பும்படி வரும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள். இந்தியாவுக்கு பாஸ்போர்ட் சேவை வழியாக, கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பத்தில் இப்போது நிஜமாகக் குடியிருக்கும் முகவரியைக் கொடுங்கள். மாமியார் வீட்டில் இருந்துகொண்டு அம்மா வீட்டு முகவரி கொடுத்தால், விசாரிக்க வரும் காவலர் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். சான்றை மிகவும் சீக்கிரம் வாங்கிவிட வேண்டாம், இரண்டு வருஷம்தான் உயிர். மனு ஒப்புதலான பிறகு போட்டால் கணக்காக இருக்கும்.

ஐ-130 போட்டுக் காத்திருக்கிறோம். அதுவரை சுற்றுலா விசாவில் போய்க் கணவரோடு இருந்து வரலாமா? (பெரியகுளம் வாசகி)

விண்ணப்பிக்கத் தடையில்லை, கிடைப்பது அரிது. சுற்றுலா விசாவுக்குத் திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டும், நீங்களோ குடியேறப் போகிறேன் என்று மனுவே போட்டிருக்கிறீர்கள். மனுவை மறைத்து விண்ணப்பிப்பது மட்டும் கூடவே கூடாது.

மருத்துவப் பரிசோதனையிலும் நேர்காணலிலும் என்ன பார்க்கிறார்கள்? பார்த்து நிச்சயித்த கல்யாணம். கல்யாணத்துக்குப் பின் நாங்கள் சேர்ந்து இருந்தது 18 நாள்தான். (சிவகங்கை வாசகி)

பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். சென்னையிலேயே இருக்கிறார்கள், மும்பை போக வேண்டாம். தடுப்பூசி அட்டை, பழைய நோய்க் குறிப்புகள் கொண்டு போங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு போலத் தெரிந்தால் சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் நேர்காணலுக்கு முந்தைய வாரம் போய் நிற்காமல், தேதி வந்ததுமே போவது நல்லது. கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேக்கு முன் சொல்லிவிடுங்கள். விசாவின் கெடு பரிசோதனைக் கெடுவைத் தாண்டாது, அது பொதுவாக ஆறு மாதம். ஆகவே அளவுக்கு மீறி முந்தவும் வேண்டாம்.

18 நாள் என்பது குறையில்லை. நம் பக்கத்துக் கல்யாணம் எப்படி நடக்கும் என்று மும்பை அதிகாரிகளுக்குத் தெரியும். ஸ்டுடியோவில் இருவர் மட்டும் நிற்கும் ஐம்பது படங்களைவிட, இரு வீட்டாரும் பந்தியும் மொய் எழுதும் மேஜையும் தெரியும் பத்துப் படங்கள் பேசும். பத்திரிகை, நிச்சயதார்த்தப் படம், கணவர் வந்துபோன பாஸ்போர்ட் முத்திரை, மாதத்துக்கு ஒன்றாகப் பொறுக்கிய பேச்சுப் பதிவு, பணம் அனுப்பிய ரசீது, காப்பீட்டில் வாரிசாகப் பெயர் போட்டது ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்குங்கள். கேள்விகள் சாதாரணமானவை: வரன் யார் மூலம் வந்தது, அவர் என்ன வேலை, எந்த ஊரில் யாரோடு இருக்கிறார், முன்பு மணமானவரா. மனப்பாடம் செய்த பதில் காட்டிக்கொடுத்துவிடும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

எல்லா அசலும் கையில் இருக்க வேண்டும். செல்போனை உள்ளே விடமாட்டார்கள். தூதரகம் பாந்த்ரா குர்லா வளாகத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து ரயிலில் போகிறவர்கள் ஒரு நாளாவது முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

‘221(ஜி)’ என்று தாள் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விசா போய்விட்டதா? (திண்டுக்கல் வாசகர்)

அப்படி முடிவுகட்ட வேண்டாம். தாளோ பரிசீலனையோ பாக்கி இருப்பதால் இப்போதைக்கு விசா தரவில்லை என்பதே 221(ஜி). அந்தத் தாளில் எதையாவது கேட்டு டிக் அடித்திருந்தால், கேட்டதைக் கொடுத்ததும் கோப்பு மறுபடி நகரும். அதிகமாகக் கேட்கப்படுபவை புதிய ஐ-864, வரி ஆவணம், பிறப்புக்குத் துணை ஆதாரம். கேட்டது ஒன்று, கொடுப்பது மூன்று என்று அள்ளிப் போடாதீர்கள். ஓராண்டுக்குள் கொடுக்காவிட்டால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம். ‘நிர்வாகப் பரிசீலனை’ என்று மட்டும் இருந்தால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, காத்திருப்பதுதான்.

விசா வந்துவிட்டது, சிஆர்-1 என்று போட்டிருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறைய இன்னும் மூன்று வாரம். உடனே கிளம்பலாமா? (கே.கே. நகர், மதுரை)

சிஆர்-1 என்பது கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையாத துணைக்குத் தரும் விசா. விசாக் கெடு இடம் கொடுத்தால் மூன்று வாரம் பொறுங்கள். அமெரிக்காவில் நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறைந்திருந்தால் பத்தாண்டுப் பச்சை அட்டை. நிறையாவிட்டால் இரண்டாண்டு நிபந்தனை அட்டை. அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 என்ற நிபந்தனை நீக்க மனுவைப் போட்டு, கட்டணமும் கட்டி, உறவை மறுபடி நிரூபிக்க வேண்டும். இரண்டு வருஷம் நிறைந்தபின் போனால், விமான நிலையக் குடிவரவு அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி, ஐஆர்-1 (இரண்டு வருஷம் நிறைந்தவர்களுக்கான பிரிவு) என்று மாற்றிப் பதியச் சொல்லிக் கேளுங்கள். அவராகக் கவனிக்காமல் சிஆர்-1 என்றே முத்திரை குத்திவிடலாம். சான்றிதழைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.